பட்டன் வரவில்லை, பணம் வரவில்லை, ரசீது வரவில்லை: நன்கொடைப் படிவத்தில் போன் பேமென்ட் தகராறுகள்

காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் சின்ன அறக்கட்டளை. ஒரு வாசகசாலை, சாயங்கால டியூஷன், ஜூன் மாதம் பிள்ளைகளுக்கு நோட்டுப்புத்தகம், அவ்வளவுதான். அதன் வெப்சைட்டை நான்தான் பார்த்துக்கொள்கிறேன், சம்பளம் கிடையாது, போனால் பலகாரம் உண்டு. பொருளாளர் ஒரு ஆச்சி, எழுபதைத் தாண்டியவர், சிட்டை, பேரேடு என்று கையால் கணக்கு எழுதுகிறவர். நன்கொடைப் படிவத்தில் போனிலேயே பணம் கட்டும் வசதியைப் போட்டதிலிருந்து வாரம் ஒரு தடவையாவது அவரிடமிருந்து போன் வரும்: "தம்பி, வரலையாம்ப்பா."

எது வரலை? பட்டனா, பணமா, ரசீதா? மூன்றுக்கும் ஜனங்கள் சொல்வது அந்த ஒரே வார்த்தைதான். அதனால் வெப்சைட்டின் கோடிங்கைத் திறந்து பார்ப்பதற்கு முன்னால் மூன்று கேள்வி கேட்டுவிடுவேன். என்ன போன், எந்த ஊரிலிருந்து கட்டுகிறார்கள், படிவத்தை எங்கேயிருந்து திறந்தார்கள். பாதிக்கு மேல் இந்த மூன்றிலேயே முடிந்துவிடும். மிச்சத்தை அறிகுறி அறிகுறியாகக் கீழே எழுதியிருக்கிறேன், உங்களுக்குப் பொருந்துவதை மட்டும் படித்துக்கொள்ளுங்கள்.

கூகுள் பே பட்டனே தெரியவில்லை (இங்கே உள்ளவர்களுக்கு)

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கூகுள் பே என்ற பெயரில் இரண்டு வேறு வேறு சாமான்கள் இருக்கின்றன. நம் ஊரில் கூகுள் பே என்றால் யுபிஐ. 2017இல் தேஸ் என்று வந்து 2018இல் பெயர் மாறியது, வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் எடுக்கிறது. அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ வெப்சைட்டில் தெரியும் கூகுள் பே பட்டன் கூகுளில் சேமித்து வைத்த கார்டை நீட்டுவது. வெளிநாட்டு பிளக்இன் (வெப்சைட்டில் சேர்க்கும் துணை புரோகிராம்) ஒன்றைப் போட்டுவிட்டு, அதில் 'கூகுள் பே' என்று டிக் அடித்துவிட்டு, நம் ஊர் ஆட்களுக்கு ஏன் வரவில்லை என்று நான் இரண்டு ராத்திரி மண்டையை உடைத்துக்கொண்டேன். அந்த டிக் யுபிஐக்கானதே இல்லை. இந்திய நன்கொடையாளருக்கு வேண்டியது யுபிஐ, அதைத் தரும் இந்திய கேட்வே, அதாவது கட்டுகிறவரிடம் பணத்தை வாங்கி நம் கணக்குக்கு அனுப்பும் கம்பெனி. ஜிபே, போன்பே, பேடிஎம், பீம் எல்லாமே அந்த ஒரு வாசல் வழியாகத்தான் உள்ளே வரும்.

சரி, இந்திய கேட்வேதான் வைத்திருக்கிறீர்கள், அப்போதும் யுபிஐ காணோம் என்றால் இந்த வரிசையில் பாருங்கள். கேட்வேயின் டேஷ்போர்டில் யுபிஐ உண்மையிலேயே ஆக்டிவ் ஆகியிருக்கிறதா, 'விண்ணப்பிக்கப்பட்டது' என்று நிற்கிறதா? அறக்கட்டளை என்றால் கேட்வேக்காரர்கள் பத்திரம், அறக்கட்டளை பெயரில் பான், வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி சான்றிதழ், அதே பெயரில் வங்கிக் கணக்கு எல்லாம் கேட்பார்கள். பத்திரத்தில் ஒரு ஸ்பெல்லிங், பாஸ்புக்கில் ஒரு ஸ்பெல்லிங் இருந்தால் அங்கேயே உட்கார்ந்துவிடும். எங்களுக்கு அதுதான் நடந்தது. ஆங்கிலத்தில் எழுதும்போது ஊர்ப் பெயரில் ஒரு 'எச்' கூடிப்போய் மூன்று வாரம் போயிற்று. வெப்சைட்டில் தொடர்பு முகவரி, விதிமுறை, பணம் திருப்பித்தரும் கொள்கை ஆகிய பக்கங்கள் இல்லாவிட்டாலும் திருப்பி அனுப்புவார்கள். நன்கொடைக்கு எதற்கய்யா ரீஃபண்ட் பாலிசி என்று கேட்கத் தோன்றும். கேட்காமல் நாலு வரி எழுதிப் போட்டுவிடுங்கள்.

அப்புறம் டெஸ்ட் கீ, லைவ் கீ: படிவத்தைக் கேட்வேயோடு இணைக்கும் சாவிகள், ஒன்று சோதனைக்கு, மற்றது நிஜப் பணத்துக்கு. படிவம் இன்னும் டெஸ்ட் கீயிலேயே ஓடிக்கொண்டிருந்தால் எல்லாம் அழகாகத் தெரியும், 'வெற்றி' என்றுகூட வரும், பணம் மட்டும் எங்கும் போகாது. சில நேரம் நேர்மாறாக, லைவுக்கு மாற்றியதும் பட்டன் மறைந்துவிடும். அப்படியானால் அந்தக் கணக்கில் யுபிஐக்கு இன்னும் அனுமதி வரவில்லை என்று அர்த்தம்.

வேர்ட்பிரஸ் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பக்கம் வேகமாகத் திறக்கட்டும் என்று கேச் பிளக்இன் போடுகிறோம் இல்லையா, அது ஜாவாஸ்கிரிப்ட்டைச் சுருக்குகிறேன், தாமதமாக ஏற்றுகிறேன் என்று கேட்வேயின் ஸ்கிரிப்ட்டையும் சேர்த்துக் கட்டிப்போட்டுவிடும். நன்கொடைப் பக்கத்தையும் கேட்வே ஸ்கிரிப்ட்டையும் அதன் விலக்குப் பட்டியலில் சேர்த்து, கேச்சை ஒருமுறை காலி செய்துவிட்டுப் பாருங்கள். விளம்பரத் தடுப்பான் உள்ள பிரவுசரிலும் இதே அறிகுறிதான். மறைநிலை ஜன்னலில் திறந்தால் வருகிறது, சாதாரணமாகத் திறந்தால் வரவில்லை என்றால் குற்றவாளி பெரும்பாலும் அதுதான்.

எனக்குத் தெரியவில்லை, ஆனால் அமெரிக்காவில் தெரிகிறதாம்

எங்கள் ஊர்க்காரர்கள் அமெரிக்காவில் ஒரு தமிழ்ப் பள்ளி நடத்துகிறார்கள், அங்கேயே பதிவான அமைப்பு. அதன் படிவத்தையும் நான்தான் பார்க்கிறேன். அதில் ஆப்பிள் பே, கூகுள் பே இரண்டையும் போட்டுவிட்டு, செக்காலை ரோட்டில் என் கடையில் உட்கார்ந்து ரீஃப்ரெஷ் பண்ணிப் பண்ணிப் பார்க்கிறேன், வரவே இல்லை. அங்கே ராத்திரி ஒரு மணிக்கு ஒரு தம்பியை எழுப்பி, "திறந்து பாருப்பா" என்றால், "ரெண்டும் இருக்கே அண்ணே" என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறான்.

விஷயம் என்னவென்றால், அந்த கேட்வே இந்திய ஐபி முகவரிக்கு, அதாவது இந்தியாவிலிருந்து இணையத்தில் திறப்பவருக்கு, இந்த இரண்டு பட்டனையும் காட்டாது. அதன் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. இங்கே உட்கார்ந்து அங்கேயுள்ள படிவத்தைச் சோதிப்பவர்கள் இதை முதலில் தெரிந்துகொண்டால் தூக்கமாவது மிஞ்சும். சோதனைக்கு அந்த நாட்டில் ஒரு ஆள், நிஜ போன், வாலட்டில் நிஜ கார்டு, இந்த மூன்றும் வேண்டும். வாலட்டில் கார்டு ஒன்றும் சேர்க்காத ஐபோனில் பெரும்பாலும் பட்டன் வராது. இந்திய வங்கிக் கார்டுகளை ஆப்பிள் பேயில் சேர்க்கும் வசதி நான் இதை எழுதும்வரை வரவில்லை, ஆகவே உங்கள் சொந்த ஐபோன் இதற்கு உதவாது.

அங்கேயும் ஆப்பிள் பே மட்டும் வரவில்லை

கூகுள் பே வருகிறது, ஆப்பிள் பே மட்டும் இல்லை என்றால் டொமைன் பதிவைப் பாருங்கள். ஆப்பிள் பேக்கு உங்கள் வெப்சைட்டின் பெயரைப் பதிய வேண்டும். அந்தப் பெயர் உங்களுடையதுதான் என்று காட்ட ஒரு கோப்பைத் தருவார்கள், அதை வெப்சைட்டின் வேர் போல்டரில் புள்ளியில் தொடங்கும் 'வெல்-நோன்' போல்டருக்குள் வைக்க வேண்டும். இதில் நான் விழுந்த குழிகள் மூன்று. கோப்பின் பெயருக்குப் பின்னால் எந்த நீட்டிப்பும் கூடாது, ஆனால் இறக்கும்போது என் கம்ப்யூட்டர் தானாகவே டாட் டெக்ஸ்ட் என்று வால் ஒட்டிவிட்டது. புள்ளியில் தொடங்கும் போல்டரை ஹோஸ்டிங்கின் கோப்பு மேலாளர் மறைத்து வைக்கும், மறைந்தவற்றைக் காட்டு என்று அமைப்பில் மாற்றினால்தான் தெரியும். மூன்றாவதுதான் மோசம்: டபிள்யூ டபிள்யூ டபிள்யூ போட்ட முகவரியும் போடாத முகவரியும் இரண்டு தனித்தனி டொமைன், இரண்டையும் பதிய வேண்டும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ரீடைரக்ட் ஆகிற இடத்தில் கோப்பு கிடைக்காமல் சரிபார்ப்பு தோற்றுப்போகும்.

படிவம் உங்கள் பக்கத்துக்குள் ஐஃபிரேமாக, அதாவது வேறு இடத்துப் பக்கத்தை உள்ளே பதித்ததாக, இருக்கிறதென்றால், அந்த ஐஃபிரேம் டேக்கில் பேமென்ட்டுக்கு அனுமதி தரும் 'அலவ்' பண்பு இருக்க வேண்டும். எச்டிடிபிஎஸ் இல்லாத பக்கத்தில் எதுவுமே வராது, அதைச் சொல்லவும் வேண்டுமா.

சிங்கப்பூர் மாமா கொடுக்கப் பார்த்தார், முடியவில்லை

செட்டிநாட்டில் எந்த அறக்கட்டளை நடத்தினாலும் இந்தப் போன் வரும். பர்மா, மலாயா காலத்திலிருந்தே கடல் தாண்டிய ஊர். வெளிநாட்டுக் கார்டை ஆன் பண்ணிவிடு தம்பி என்று ஆச்சியே சொன்னார். பண்ணாதீர்கள், முதலில் பாஸ்போர்ட்டைக் கேளுங்கள்.

இந்தியக் குடியுரிமை வைத்திருக்கும் என்ஆர்ஐ தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகக் கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடிமகன் ஆகிவிட்டார் என்றால், வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும், நம் வளவிலேயே பிறந்து வளர்ந்தவராக இருந்தாலும், அவர் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடை. 2010ஆம் வருஷத்து எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாத அறக்கட்டளை அதை வாங்கக் கூடாது. பதிவு இருந்தாலும் 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் முதலில் வந்து இறங்க வேண்டிய இடம் ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளையில் உள்ள கணக்கு மட்டுமே. கோனாபட்டிலோ தேவகோட்டையிலோ நீங்கள் வைத்திருக்கும் கணக்குக்கு நேராக வரக் கூடாது. ஆகவே இங்கே பட்டன் வராமலிருப்பது பிழையே இல்லை, உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. நான் படிவத்தில் பணத்தொகைக்கு மேலேயே 'நான் இந்தியக் குடியுரிமை உள்ளவர்' என்ற டிக்கைக் கட்டாயமாக்கிவிட்டேன். மாமா கோபித்துக்கொண்டார். லீவுக்கு வந்தபோது வாசகசாலையைச் சுற்றிக் காட்டி, சட்டத்தைச் சொன்னேன், ஒருவழியாகச் சமாதானமானார்.

இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கு ஒரு வழி உண்டு. வெளிநாட்டில் இருப்பவர்கள் இங்கே வைத்திருக்கும் என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்கோடு அந்த நாட்டு மொபைல் எண்ணை இணைத்தே யுபிஐ வைத்துக்கொள்ளலாம். சிங்கப்பூர், அமெரிக்கா, பிரிட்டன், எமிரேட்ஸ் உட்படச் சில நாடுகளின் எண்களுக்கு 2023லிருந்தே இது உண்டு, அவர்களுடைய வங்கியும் ஆப்பும் ஆதரித்தால் போதும். உங்கள் படிவத்தில் ஒன்றும் மாற்ற வேண்டியதில்லை, போன் எண் பெட்டி பத்து இலக்கத்துக்கு மேல் ஏற்க மறுக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

பட்டனைத் தொட்டால் ஒன்றும் நடக்கவில்லை

லிங்க்கை எங்கேயிருந்து திறந்தார்கள்? ஃபேஸ்புக்கிலோ இன்ஸ்டாகிராமிலோ பார்த்து அங்கேயே தொட்டால், அது அந்த ஆப்புக்குள்ளேயே இருக்கும் குட்டி பிரவுசரில் திறக்கும். யுபிஐ என்று தொடங்கும் லிங்க்கை வெளியே இருக்கும் ஆப்புக்குக் கைமாற்றிவிட அதற்குப் பல சமயம் தெரியாது, சும்மா நிற்கும், அல்லது முகவரி தவறு என்று ஆங்கிலத்தில் எதையாவது காட்டும். மூலையில் இருக்கும் மூன்று புள்ளியைத் தொட்டு 'வெளி பிரவுசரில் திற' என்று கொடுக்கச் சொல்லுங்கள். நான் இப்போது இந்தக் குட்டி பிரவுசரை அடையாளம் கண்டால் மேலே ஒரு மஞ்சள் பட்டையில் அதே வாசகத்தைத் தமிழில் காட்டும்படி வைத்துவிட்டேன், ஆச்சிக்கு வரும் போன் பாதியாகக் குறைந்தது.

ஆண்ட்ராய்டில் எந்த ஆப் என்று பட்டியல் காட்டும். ஐபோனில் அப்படிக் கேட்காது, பொது யுபிஐ லிங்க் என்றால் அதுவாக ஏதோ ஒன்றில் போய்த் திறக்கும், கணக்கே இணைக்காத வாட்ஸ்அப்பில் போய் நின்றதையும் பார்த்திருக்கிறேன். ஐபோனுக்கு ஒவ்வொரு ஆப்புக்கும் தனிப் பட்டன் வைப்பதுதான் வழி, கேட்வேயின் சொந்தப் பேமென்ட் பக்கத்தைப் பயன்படுத்தினால் அது பெரும்பாலும் தானே பார்த்துக்கொள்ளும். லேப்டாப்பில் திறப்பவர்களுக்கு கியூஆர் காட்டுங்கள்.

சுற்றுகிறது, சுற்றுகிறது, தோல்வி என்கிறது

இங்கே நம் ஊருக்கே உரிய காரணம் ஒன்று இருக்கிறது, சிரிக்காதீர்கள். ஒரு பெரியவர் தன் வீட்டு ரெண்டாங்கட்டில் ஊஞ்சலில் உட்கார்ந்துகொண்டு நான்கு தடவை முயன்றிருக்கிறார், நான்கும் டைம் அவுட். நேரில் போய்ப் பார்த்தேன். அந்தக் காலத்துச் சுவர், முழங்கை நீளத்துக்குக் கனம், உள்ளே சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. முகப்புக்குக் கூட்டிவந்து திண்ணையில் உட்காரவைத்தேன், ஐந்தாவது தடவை அரை நிமிஷத்தில் போய்விட்டது. கேட்வேயின் லாகில், அதாவது பரிவர்த்தனைப் பதிவில், அந்த நான்கும் 'பயனர் முடிக்கவில்லை' என்றே பதிவாகியிருந்தது.

மற்றபடி, பொதுவாக யுபிஐக்கு நாளொன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரம்பு, வங்கி அதற்குக் கீழேயும் வைத்திருக்கலாம். யுபிஐயைப் புதிதாகப் பதிந்தவருக்கோ போன் மாற்றிப் பதிந்தவருக்கோ முதல் 24 மணி நேரம் 5,000 ரூபாய்தான். பேரன் புதுப் போன் வாங்கிக் கொடுத்த அன்றே 10,001 அனுப்பப் பார்த்தால் எப்படிப் போகும்? மறுநாள் முயலச் சொல்லுங்கள். லாகில் குறியீடு இருந்தால் அதைப் பாருங்கள்: இசட்9 என்றால் கணக்கில் பணம் போதவில்லை, இசட்எம் என்றால் பின் தவறு. இந்த இரண்டுக்கும் நீங்கள் செய்ய ஒன்றுமில்லை, முதலாவதை நாசூக்காகச் சொல்வது எப்படி என்பதைத் தவிர.

ரூபே கிரெடிட் கார்டை எடுக்கமாட்டேன் என்கிறது

வாசகசாலைச் சுவரில் ஒட்டியிருக்கும் கியூஆர் யாருடையது? செயலாளரின் சொந்த யுபிஐ ஐடி என்றால் அதற்குக் கிரெடிட் கார்டிலிருந்து பணம் போகாது, வணிகர் கணக்குக்கு மட்டும்தான் போகும். அந்தத் தாளை இன்றைக்கே கிழித்துவிடுங்கள். கிரெடிட் கார்டுக்காகச் சொல்லவில்லை. பொதுப்பணம் தனியாள் கணக்கில் விழுந்தால் பின்னால் ஆடிட்டர் கேட்கும்போது பதில் சொல்ல வாய் இருக்காது.

பணம் போய்விட்டது, ரசீது வரவில்லை

அதிகம் வருவது இதுதான், ஜனங்கள் பதறுவதும் இதற்குத்தான். பதறாமல் முதலில் பன்னிரண்டு இலக்கப் பரிவர்த்தனை எண்ணை வாங்குங்கள், எல்லா யுபிஐ ஆப்பிலும் விவரப் பக்கத்தில் இருக்கும். அதை கேட்வே டேஷ்போர்டில் தேடுங்கள். மூன்றில் ஒன்று நடந்திருக்கும்.

டேஷ்போர்டிலேயே இல்லை, அல்லது தோல்வி என்று இருக்கிறது: பணம் வழியில் நிற்கிறது, தானாகத் திரும்பும். கடைக்காரருக்கோ நமக்கோ உறுதி வராத பணம் ஐந்து நாளுக்குள் திரும்ப வேண்டும், அதற்கு மேல் ஆனால் நாளுக்கு 100 ரூபாய் வங்கி தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் உத்தரவு இருக்கிறது. அதற்குள் மறுபடி கட்டச் சொல்லாதீர்கள், இரண்டு தடவை விழுந்துவிடும்.

'அனுமதிக்கப்பட்டது' என்று மட்டும் இருந்து, எடுத்துக்கொள்ளப்பட்டது என்று இல்லை: ஆட்டோ கேப்சர், அதாவது பணத்தைத் தானாகவே எடுத்துக்கொள்ளும் அமைப்பு, அணைந்திருக்கிறது. கையால் கேப்சர் செய்துவிட்டு அமைப்பை மாற்றுங்கள், விட்டால் சில நாளில் பணம் அவருக்கே போய்விடும்.

வெற்றி என்றே இருக்கிறது, நம் படிவத்துக்குத்தான் தெரியவில்லை: இதுதான் வெப்ஹுக் கோளாறு. நிறையப் படிவங்கள் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்றால், பணம் கட்டியவர் பிரவுசருக்குத் திரும்பி வந்து 'நன்றி' பக்கத்தைப் பார்த்தால்தான் ரசீது போகும். நம் ஆட்கள் ஜிபேயில் அந்தப் பச்சை டிக் வந்து சத்தம் கேட்டதுமே போனைப் பையில் போட்டுவிடுவார்கள், யார் திரும்பி வருகிறார்கள்? ஆகவே ரசீதை வெப்ஹுக்கை நம்பி அனுப்புங்கள், அதாவது கேட்வேயே நேராக உங்கள் சர்வருக்குச் சொல்லும் செய்தி. அது வருகிறதா என்று டேஷ்போர்டில் வெப்ஹுக் லாகைத் திறந்து பாருங்கள். 403 (அனுமதி மறுப்பு) என்றால் உங்கள் பாதுகாப்பு பிளக்இன் வாசலிலேயே தடுக்கிறது. கையெழுத்துப் பொருந்தவில்லை என்றால் டெஸ்டிலிருந்து லைவுக்கு மாற்றியபோது வெப்ஹுக் சீக்ரெட்டை, அதாவது செய்தி கேட்வேயிடமிருந்துதான் வந்தது என்று சரிபார்க்கும் ரகசியச் சொல்லை, மாற்ற மறந்திருக்கிறீர்கள், எனக்கு இது இரண்டு தடவை. டைம் அவுட் என்றால் ரசீது பிடிஎஃப் தயாரித்து மெயில் அனுப்பி முடித்த பிறகுதான் சர்வர் பதில் சொல்கிறது. முதலில் 'சரி, வந்தது' என்று பதில் சொல்லிவிட்டு மற்ற வேலையை அப்புறம் பார்க்கும்படி மாற்றுங்கள். ஒரே செய்தி இரண்டு தடவையும் வரும், பரிவர்த்தனை எண்ணைப் பார்த்து இரண்டாவதைத் தள்ளாவிட்டால் ஒரே பணத்துக்கு இரண்டு ரசீது போகும், 80ஜி ரசீது இரண்டு போனால் அது வேறு வம்பு. பான் எண் கேட்கும் பெட்டியைப் பணம் கட்டுவதற்கு முன்னாலேயே வையுங்கள், கட்டிய பிறகு கேட்டால் ஒருவரும் தரமாட்டார்கள்.

501 ரூபாய் போட்டார்கள், 5 ரூபாய் 1 காசு வந்திருக்கிறது

தொகையைக் காசில் அனுப்ப வேண்டிய கேட்வேக்கு ரூபாயில் அனுப்பியிருக்கிறீர்கள். 501 ரூபாய்க்கு 50100 என்று போக வேண்டும். எங்கள் படிவத்தை மாற்றி எழுதிய அன்று ஆறு பேர் கட்டியிருந்தார்கள், ஆறும் இப்படியே. ஆறு பேருக்கும் நானே போன் பண்ணினேன். ஒருவர் மட்டும், "நான் என்னமோ தள்ளுபடி போட்டிருக்கீங்கன்னு நினைச்சேன்" என்றார்.

ஆச்சியின் பேரேட்டில் இடிக்கிறது

ரசீதெல்லாம் கூட்டினால் 12,503, வங்கியில் விழுந்தது அதைவிடக் குறைவு, அதுவும் ஒரே வரியாக. கேட்வே ஒவ்வொரு பணமாக அனுப்புவதில்லை, பல நன்கொடைகளைச் சேர்த்து, தன் கட்டணத்தையும் அதற்கான ஜிஎஸ்டியையும் கழித்து, வழக்கமாக இரண்டு வேலை நாள் கழித்து மொத்தமாக அனுப்பும். டேஷ்போர்டில் செட்டில்மென்ட் அறிக்கை என்று இருக்கும், அதில் எந்த வங்கி வரவுக்குள் எந்தெந்த நன்கொடை அடங்கியிருக்கிறது, எவ்வளவு கழிந்தது என்பதெல்லாம் தனித்தனியாக வரும். ரசீது முழுத் தொகைக்கு, கட்டணம் செலவில். மாதம் பிறந்ததும் அதை அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன். ஆச்சி பட்டாலையில் உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, பேரேட்டில் இடதுபக்கம் ஒவ்வொரு பெயராக வரவு வைத்து, வலதுபக்கம் 'கேட்வே கூலி' என்று எழுதிக்கொள்கிறார். போன மாதம் 2 ரூபாய் 36 காசு இடித்தது. அறிக்கையில் நான் ஒரு பக்கத்தை அச்சடிக்க விட்டிருந்தேன்.